புரட்டாசிச் சனிக்கிழமையில் நாஷ்வில்

என் சித்தி மகளின் திருமணம் கார்த்திகை மாதத்தில், தேங்க்ஸ்கிவிங் விடுமுறையை ஒட்டி அட்லாண்டாவில் நடப்பதாக முடிவான அன்றே, அதற்கு முன்பு மணப்பெண்ணையும் அவளுடைய தோழிகளையும் ஒரு வார இறுதிக்கு வெளியூர் அழைத்துச் செல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இந்த நாட்டில் வளர்ந்த பெண்களுக்குப் பேச்சலரெட் பயணம் என்பது மெஹந்தியைப் போல, நலங்கைப் போல, கல்யாணத்தின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. சித்திக்கு அது இன்னும் பிடிபடவில்லை. "கல்யாணத்துக்கு அப்புறம் ஊர் சுத்துறது தெரியும், முன்னாடியே எதுக்கு?" என்று கேட்டார். பிறகு, "நீ கூடப் போறதுனா சரி" என்று ஒப்புக்கொண்டார். நான் முப்பத்தாறு வயதுக்காரி, வீட்டுக் கடன் கட்டுபவள், இரவு பத்து மணிக்குக் கொட்டாவி விடுபவள் என்பது அவருக்குத் தெரியும்.

ஊரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் ஆட்களைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதை நான் தாமதமாகத்தான் உணர்ந்தேன். நாங்கள் எட்டுப் பேர். மணப்பெண்ணும் நானும் போக, மாப்பிள்ளையின் அக்கா ஒருவர். அதாவது நாளைய நாத்தனார். அவரை அழைப்பதா வேண்டாமா என்று மூன்று நாட்கள் யோசித்து, அழைக்காமல் விட்டால் வரும் பேச்சைவிட அழைத்தால் வரும் சங்கடம் சிறியது என்று அழைத்தோம். அடுத்து என் அத்தை மகள், ஐந்து மாதக் கர்ப்பிணி. கல்லூரி அறைத்தோழிகள் இருவர். ஒருத்தி மெம்ஃபிஸில் பிறந்து வளர்ந்த டென்னஸிக்காரி, இன்னொருத்தி முட்டைகூடத் தொடாத குஜராத்திப் பெண். அலுவலகத் தோழி ஒருத்தி. கடைசியாக, கோயம்புத்தூரிலிருந்து வந்து டல்லாஸில் முதுகலை படிக்கும் மாணவி. குடிப்பவர்கள் மூவர், எப்போதாவது ஒரு கோப்பை எடுத்துக்கொள்பவர்கள் இருவர், தொடவே தொடாதவர்கள் மூவர். இணையத்தில் கிடைக்கும் பேச்சலரெட் பயணத் திட்டங்கள் எல்லாம் முதல் மூவருக்காக மட்டுமே எழுதப்பட்டவை.

பணத்தைப் பற்றி முதலிலேயே பேசிவிட வேண்டும், அதுவும் தனித்தனியாகப் பேச வேண்டும். குழுவில் எல்லோர் முன்னிலையிலும் "ஒருவருக்கு எண்ணூறு டாலர் ஆகும், சரியா?" என்று கேட்டால், சரி என்பதைத் தவிர வேறு எதைச் சொல்ல ஒருவருக்கு மனம் வரும்? நான் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து, விமானச் செலவு நீங்கலாக அதிகபட்சம் எவ்வளவு செலவழிக்க முடியும் என்று மட்டும் கேட்டேன். கிடைத்த பதில்களில் மிகக் குறைந்த தொகை 350 டாலர். அது யாருடையது என்பதைச் சொல்லாமல் அதையே எல்லோருக்கும் உரிய வரம்பாக வைத்துக்கொண்டேன். மணப்பெண்ணின் பங்கை மற்றவர்கள் பகிர்ந்துகொள்வது இங்குள்ள வழக்கம் என்பதால், எட்டுப் பேரின் செலவை ஏழு பேர் தாங்க வேண்டும் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்தாக வேண்டும். கோவை மாணவிக்கு இந்த வழக்கமே புதிது. "கல்யாணப் பொண்ணு வீட்டுல தானே எல்லாம் செய்வாங்க?" என்று வியந்தாள்.

ஊர் என்று வந்தபோது மணப்பெண் விதித்த நிபந்தனை இரண்டுதான். கடற்கரை வேண்டாம், தெற்கில் பாட்டும் கூட்டமும் உள்ள ஊராக இருக்க வேண்டும். நியூ ஆர்லியன்ஸ், சவானா, நாஷ்வில் என்று மூன்று பெயர்கள் எஞ்சின. நியூ ஆர்லியன்ஸ் நகரின் பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதி எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அட்லாண்டாவிலிருந்து காரில் ஏழு மணி நேரம் ஆகும், கர்ப்பிணியை வைத்துக்கொண்டு அது சரிப்படாது. சவானா அழகிய ஊர், ஓக் மரங்களிலிருந்து பாசி தொங்கும் சதுக்கங்கள் கொண்டது. ஆனால் விமானத்தில் வர வேண்டிய நால்வருக்கும் நேரடி விமானங்கள் எளிதில் அமையவில்லை. டென்னஸி மாநிலத்தில் உள்ள நாஷ்வில் ஏறக்குறைய 250 மைல், காரில் நான்கு மணி நேரம். எல்லாத் திசைகளிலிருந்தும் நேரடி விமானங்கள் உண்டு. கூடவே, அமெரிக்காவிலேயே மணப்பெண் கூட்டங்கள் அதிகமாகக் குவியும் ஊர் என்ற பெயர் அதற்கு ஏற்கெனவே உண்டு. இளஞ்சிவப்புக் கௌபாய் தொப்பியும், தோளில் குறுக்காகப் போட்ட வெள்ளைப் பட்டையும் அணிந்த பத்துப் பெண்கள் நடைபாதையில் வந்தால் அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அடுத்த பத்துப் பேர் பின்னாலேயே வந்துகொண்டிருப்பார்கள்.

தேதியில்தான் இடறினோம். 'கன்ட்ரி' எனப்படும் அமெரிக்கத் தென்னக இசைக்காக ஜூன் மாதம் நான்கு நாட்கள் நடக்கும் சிஎம்ஏ விழாவின்போது அந்த ஊரில் அறை கிடைப்பதே அரிது. ஜூலையும் ஆகஸ்டும் புழுக்கம். ஆகவே செப்டம்பர் கடைசி வாரம் என்று முடிவு செய்து, எல்லோரும் விடுப்பு எடுத்து, விமானச் சீட்டும் வாங்கிய பிறகு சித்தி அழைத்தார். "அது புரட்டாசி சனிக்கிழமை, பாத்துக்கோ." மணப்பெண் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் மட்டும் அசைவம் தொடமாட்டாள். அலுவலகத் தோழியும் கோவை மாணவியும் மாதம் முழுவதும் விரதம். குஜராத்திப் பெண்ணையும் சேர்த்தால் எட்டில் நால்வர் சைவம். காரக் கோழிக்குப் பெயர் போன ஊருக்கு, ஆண்டில் இருக்கும் வார இறுதிகளிலேயே இதைப் பார்த்து நாள் குறித்தவள் நான்தான்.

தங்குமிடத்துக்கு முதலில் ஒரு முழு வீட்டை வாடகைக்குப் பிடித்திருந்தேன். பயணத்துக்கு ஆறு வாரம் இருக்கும்போது வீட்டுக்காரர் இரண்டு வரியில் மன்னிப்புக் கேட்டு முன்பதிவை ரத்து செய்துவிட்டார். பணம் திரும்ப வந்தது, ஆனால் அதே பணத்துக்கு அதே தேதியில் வேறு வீடு இல்லை. அதன் பிறகு நகர மையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், சிறு சமையல் மேடையுடன் கூடிய இரண்டு பெரிய அறைகளை ஒரு விடுதியில் எடுத்தேன். இப்போது யோசித்தால் அந்த ரத்து நல்லதாகவே முடிந்தது. வீடு என்றால் பத்துப் பேர் படுக்கலாம் என்று விளம்பரத்தில் இருக்கும். அந்தப் பத்தில் இருவர் சோபாவில், இருவர் காற்றடைத்த மெத்தையில் என்பது போய்ப் பார்த்தால்தான் தெரியும். மேலும் நகர மையத்துக்கு ஒவ்வொரு முறையும் இரண்டு வாடகைக் கார் அழைக்க வேண்டியிருக்கும். வார இறுதி இரவுகளில், நகர மையத்தின் இசைத்தெருவான பிராட்வே பக்கம் வண்டிகள் நகரவே நகராது. விடுதி அறையின் விலையைப் பார்க்கும்போது வரியையும் கூட்டிப் பார்க்க வேண்டும். நாஷ்வில் நகரில் விற்பனை வரியே 9.75 சதவீதம், அதற்கு மேல் விடுதிகளுக்கென்று தனி வரி உண்டு. வண்டி நிறுத்தும் கட்டணம் வேறு.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனெனில் நம்மவர்கள் ஏமாறும் இடம் இதுதான். தென் மாநிலங்களில் 'மீட் அண்ட் த்ரீ' என்றொரு உணவக மரபு உண்டு. ஒரு இறைச்சியும் மூன்று காய்கறி வகையும் ஒரே தட்டில் வரும். இறைச்சி வேண்டாம் என்றால் நான்கு காய்களாக வாங்கிக்கொள்ளலாம் என்பதைப் படித்ததும் சைவப் பிரச்சினை தீர்ந்தது என்று மகிழ்ந்தேன். மெம்ஃபிஸ் தோழிதான் சிரித்துக்கொண்டே விளக்கினாள்: கீரையிலும் பச்சை அவரையிலும் சுவைக்காகப் பன்றி இறைச்சித் துண்டைப் போட்டு மணிக்கணக்கில் வேகவைப்பார்கள், பட்டியலில் அது காய்கறி என்றே இருக்கும். பாலாடைக்கட்டி ஊற்றிய மாக்கரோனியும் அதே காய்கறிப் பட்டியலில்தான் வரும்! ஆகவே 'சைவமா?' என்று கேட்பதில் பயனில்லை. 'இதில் பன்றி இறைச்சியோ அதன் கொழுப்போ சேர்ந்திருக்கிறதா?' என்று பண்டம் பண்டமாகக் கேட்க வேண்டும். சனிக்கிழமை மதியத்துக்கு, பிராட்வேயும் ஐந்தாம் அவென்யூவும் சந்திக்கும் இடத்தில் உள்ள அசெம்ப்ளி ஃபுட் ஹாலைத் தேர்ந்தெடுத்தேன். பல கடைகள் ஒரே கூரையின் கீழ் இருப்பதால் அவரவர் விரதத்துக்கு ஏற்றதை அவரவர் வாங்கிக்கொள்ளலாம், கணக்கும் தனித்தனி.

கோழியை வெள்ளிக்கிழமை இரவுக்கு வைத்திருந்தேன். நாஷ்வில் காரக் கோழிக்குப் பின்னால் ஊரே சொல்லும் ஒரு கதை உண்டு. 1930களில் தார்ன்டன் பிரின்ஸ் என்பவர் இரவெல்லாம் ஊர் சுற்றிவிட்டு வீடு திரும்ப, கோபம் கொண்ட காதலி அவருடைய பொரித்த கோழியில் மிளகாய்த்தூளை அள்ளிக் கொட்டினாளாம். அவரோ அதை ரசித்துச் சாப்பிட்டு, அதையே ஒரு கடையாக்கிவிட்டார். அந்தக் குடும்பக் கடையை 1980இல் பொறுப்பேற்று, 'பிரின்ஸஸ் ஹாட் சிக்கன்' என்ற பெயரில் ஊரறியச் செய்தவர் ஆந்த்ரே பிரின்ஸ் ஜெஃப்ரீஸ் என்ற பெண்மணி. கல்யாணம் ஆகப் போகிற பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான பலகாரம் இருக்க முடியுமா? ஆனால் டல்லாஸ் விமானம் மூன்று மணி நேரம் தாமதமாகி, எல்லோரும் விடுதியில் சேர்ந்தபோது நள்ளிரவு நெருங்கிவிட்டது. அறையில் ரொட்டியும் வாழைப்பழமும் சாப்பிட்டுப் படுத்தோம். விடிந்தால் சனிக்கிழமை.

நான் செய்த திட்டத்தில் எனக்கே பெருமை உள்ள ஒரு பகுதி, பிராட்வேயைக் காலையில் வைத்தது. அந்தத் தெருவில் 'ஹாங்கி டாங்க்' எனப்படும் இசை மதுக்கூடங்கள் வரிசையாக நிற்கின்றன. காலை பத்து மணியளவில் பாட்டுத் தொடங்கினால் பின்னிரவு வரை ஓயாது. நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் கிடையாது. இரவு ஒன்பது மணிக்குப் போனால் மூன்று மாடிகளிலும் தோளோடு தோள் இடிக்கும் கூட்டம், அடுத்தவர் பேசுவது காதில் விழாது. காலை பதினொரு மணிக்குப் போனால் மேடைக்கு எதிரிலேயே மேசை கிடைக்கும், கர்ப்பிணி உட்கார்ந்து எலுமிச்சைச் சாறு குடிக்கலாம், பாடுபவரின் முகமும் தெரியும். இசையில் வேறுபாடு ஒன்றும் பெரிதாக இல்லை. ஒரு குழு ஏறக்குறைய நான்கு மணி நேரம் வாசித்துவிட்டு இறங்கும், அடுத்த குழு ஏறும். காலை முறையில் வாசிக்கும் கிட்டார்க்காரரும் வேறு ஊரில் என்றால் தலைமைக் கலைஞராக இருக்கக்கூடியவரே. இவர்கள் வருமானத்தில் பெரும்பங்கு, சுற்றி வரும் வாளியில் விழும் பணம்தான். அதனால் ஆளுக்கு இருபது டாலர் என்று 'வாளிப் பணம்' தனியாகத் திரட்டி, ஐந்து டாலர் நோட்டுகளாக மாற்றி, நாத்தனார் கையில் கொடுத்து வைத்தேன். அவர் வங்கிக்காரர். எந்தப் பாடகருக்கு எவ்வளவு என்பதில் எங்கள் யாருடைய பரிந்துரையையும் ஏற்கவில்லை.

ராபர்ட்ஸ் வெஸ்டர்ன் வேர்ல்ட் என்ற கூடத்தில்தான் அதிக நேரம் இருந்தோம். ஒரு காலத்தில் அது கௌபாய் பூட்ஸ் விற்ற கடை. இன்றும் சுவர் அடுக்குகளில் பூட்ஸ்கள் வரிசையாக இருக்கின்றன. 1999இல் அதை வாங்கி நடத்துபவர் பிரேசிலிலிருந்து வந்த ஜெஸ்ஸி லீ ஜோன்ஸ். தானே மேடையேறிப் பழைய கன்ட்ரி பாடல்களைப் பாடுபவர். நாங்கள் போனபோது ஃபிடில் வாசித்தவர் ஒரு மூதாட்டி. மணப்பெண் எட்டு ஆண்டுகள் கர்நாடக வயலின் கற்றவள். வில்லை அவர் பிடித்த விதத்தையும், நின்றுகொண்டே தோளில் வைத்து வாசிப்பதையும் பார்த்தபடி அவள் ஒரு மணி நேரம் அசையவே இல்லை. தோளில் போட்டிருந்த 'மணப்பெண்' பட்டையை எப்போது கழற்றிப் பைக்குள் வைத்தாள் என்று தெரியவில்லை.

அங்கிருந்து சில அடிகள் நடந்தால் டூட்சீஸ் ஆர்கிட் லவுஞ்ச், ஊதா நிறக் கட்டடம். 1960இல் ஹாட்டி லூயிஸ் பெஸ் என்ற பெண் தொடங்கியது. அதன் பின்வாசல் திறக்கும் சந்துக்கு அப்பால் ரைமன் அரங்கம். நதிப்படகு முதலாளி தாமஸ் ரைமன், ஊருக்கு வந்த ஒரு மதபோதகரின் பேச்சில் மனம் மாறிக் கட்டத் தொடங்கி, 1892இல் முடிந்த வழிபாட்டு மண்டபம் அது. 1943 முதல் 1974 வரை 'கிராண்ட் ஓல் ஓப்ரி' வானொலி நிகழ்ச்சியின் மேடையாக இருந்தது. கலைஞர்கள் காத்திருக்க உள்ளே போதிய இடம் இல்லாததால், தங்கள் முறை வரும்வரை பின்வழியாக டூட்சீஸ் கூடத்தில் வந்து உட்கார்ந்திருப்பார்களாம். சபா கான்டீனையும் கச்சேரி மேடையையும் நடுவில் ஒரு சந்து பிரிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இரவு நிகழ்ச்சிக்கு எட்டு இருக்கை சேர்ந்து கிடைக்காது, கிடைத்தாலும் எங்கள் வரம்புக்குள் வராது. ஆனால் பகலில் அரங்கத்தைச் சுற்றிப் பார்க்கத் தனிக் கட்டணம் உண்டு. தேவாலய விசிப்பலகைகள் இன்றும் அப்படியே இருக்கின்றன. 2,362 பேர் உட்காரலாம்.

மிதிவண்டி மதுக்கூடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மேசையைச் சுற்றிப் பதினைந்து பேர் உட்கார்ந்து பெடல் மிதித்தபடி குடித்துக்கொண்டே தெருவில் உருளும் அந்த வண்டி, இந்த ஊர்ப் பேச்சலரெட் பயணங்களின் அடையாளமாகவே ஆகிவிட்டது. நான் அதைத் திட்டத்திலிருந்து நீக்கினேன். கர்ப்பிணிக்கு ஆகாது என்பது சொன்ன காரணம். பின்னால் நிற்கும் வண்டிகளில் அலுவலகம் முடிந்து வீடு போகும் உள்ளூர்க்காரர்களின் முகத்தைப் பார்த்தது சொல்லாத காரணம். திறந்த மதுப்புட்டியுடன் தெருவில் நடக்கவும் இங்கே அனுமதி இல்லை. நியூ ஆர்லியன்ஸிலும் சவானாவின் பழைய நகரப் பகுதியிலும் பிளாஸ்டிக் கோப்பையுடன் நடக்கலாம் என்பதைப் படித்துவிட்டு, தெற்கில் எங்கும் அப்படித்தான் என்று நினைத்து வருபவர்கள் உண்டு. இன்னொன்று: இருபத்தொரு வயது நிரம்பியதற்குச் சான்று வாசலிலேயே கேட்பார்கள். இந்திய ஓட்டுநர் உரிமத்தைக் காவலர் ஏற்பார் என்று நம்ப வேண்டாம். கோவை மாணவியைப் பாஸ்போர்ட் எடுத்துவரச் சொல்லியிருந்தேன், அது நான்கு வாசல்களில் கைகொடுத்தது.

மதியம் மூன்று மணிக்கு, மணப்பெண் கேட்டுக்கொண்டபடி, நகரப் பொது நூலகத்துக்குப் போனோம். பேச்சலரெட் பயணத்தில் நூலகமா என்று அலுவலகத் தோழி முகம் சுளித்தாள். அங்குள்ள குடிமை உரிமை அறையில், 1960இல் கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த உணவக மேடைகளில் அமர்ந்து நடத்திய போராட்டத்தை நினைவூட்டும் வகையில், வளைந்த ஒரு மேடையும் இருக்கைகளும் அமைத்திருக்கிறார்கள்; அடித்தால் திருப்பி அடிக்கக் கூடாது என்று தொடங்கி அவர்கள் கடைப்பிடித்த விதிகள் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அந்த மாணவர்களுக்குப் பயிற்சி அளித்த ஜேம்ஸ் லாசன், 1950களில் நாக்பூரில் மூன்று ஆண்டுகள் தங்கிக் காந்தியின் வழிமுறைகளைக் கற்றவர். மணப்பெண் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறாள். முகம் சுளித்தவள்தான் கடைசியாக எழுந்து வந்தாள்.

மாலையில் லிசனிங் ரூம் கஃபே. நாஷ்வில் பாடலாசிரியர்களின் ஊர். புகழ்பெற்ற பாடகர் பாடும் பாட்டை எழுதியவர் வேறொருவராக இருப்பார், அவரே கிட்டாரோடு உட்கார்ந்து அந்தப் பாட்டு பிறந்த கதையைச் சொல்லிப் பாடும் மேடைகள் இங்கே தனியாக உண்டு. இவற்றில் பெயர் பெற்றது 1982இல் தொடங்கிய புளூபேர்ட் கஃபே, ஆனால் அதில் நூறு பேருக்குக்கூட இடம் கிடையாது. எட்டுப் பேருக்கு முன்பதிவு என்பது நடக்காத காரியம். லிசனிங் ரூமில் பெரிய குழுக்களுக்கும் மேசை தருகிறார்கள், சாப்பாடும் உண்டு. பாட்டு நடக்கும்போது பேசக் கூடாது என்பது விதி. எட்டுப் பெண்கள் ஒரு மணி நேரம் பேசாமல் இருந்தோம் என்று சொன்னால் சித்தி நம்பமாட்டார். தன் மகளின் திருமணத்துக்காக எழுதியது என்று சொல்லி ஒருவர் பாடியபோது, நாத்தனார் கைப்பையில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார். மணப்பெண் அவர் பக்கம் ஒரு டிஷ்யூவைத் தள்ளினாள். அந்தப் பயணத்தில் இருவரும் பேசிக்கொள்ளாமல் செய்துகொண்ட முதல் உதவி அது.

சிறகுகள் வரைந்த சுவரின் முன் படம் எடுக்க நாற்பது நிமிடம் வரிசையில் நின்றதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஒரு ஜோடி வாங்கினால் இரண்டு ஜோடி இலவசம் என்ற பலகையுடன் பிராட்வேயில் இருக்கும் பூட்ஸ் கடையைப் பற்றி எழுதலாம். மூன்று பேர் சேர்ந்து ஒரே விலையில் மூன்று ஜோடி எடுத்துப் பகிர்ந்துகொண்டால் உண்மையில் மலிவு. ஒருத்தி மட்டும் விலை உயர்ந்ததை எடுத்தால் பகிர்வில் சண்டை வரும். எங்களுக்கு வந்தது. ஸ்பிளிட்வைஸ் செயலியில் அந்த ஒரு செலவை மட்டும் மூன்று முறை திருத்தினேன்.

அன்று நள்ளிரவு தாண்டி விடுதிக்கு நடக்கும்போது, மணி பன்னிரண்டு அடித்துவிட்டதால் சனிக்கிழமை முடிந்துவிட்டது, கோழி சாப்பிடலாம் என்று மெம்ஃபிஸ் தோழி வாதாடினாள். நம் கணக்கில் நாள் சூரிய உதயத்தில்தான் மாறும் என்று கோவை மாணவி சொல்லிவிட்டாள். மணப்பெண் தொலைபேசியை எடுத்தாள், சித்தியிடம் கேட்கலாமா என்று. மணி என்ன என்று நான் நினைவூட்டினேன்.

ஞாயிறு காலை பெல்வியூ பகுதியில் உள்ள பிள்ளையார் கோயிலுக்குப் போய்விட்டு, பதினொரு மணிக்கே கோழிக் கடை வரிசையில் நின்றோம். வெள்ளை ரொட்டித் துண்டின் மேல், ஊறுகாய் வெள்ளரியோடு, செக்கச் சிவந்த கோழி. பொரித்த பிறகு மிளகாய் கலந்த எண்ணெயைப் பூசுவதால், நம் குழம்புக் காரம் போலப் படிப்படியாக ஏறாமல் உதட்டிலேயே பிடித்துக்கொள்ளும். காரம் நமக்குப் பழக்கம் என்ற பெருமையில் உச்சப்படிக்குப் போக வேண்டாம் என்று எச்சரித்திருந்தேன். மணப்பெண் நடுத்தரக் காரம் வாங்கினாள். நாத்தனார் அதற்கு இரண்டு படி மேலே வாங்கி, தண்ணீர் கேட்காமல் முடித்துவிட்டு, "எங்க பாட்டி வைக்கிற நண்டு மசாலா இதைவிடக் காரம்" என்றார். "அப்ப கல்யாணத்துக்கு அப்புறம் எனக்கும் சொல்லிக்கொடுங்க அண்ணி" என்று மணப்பெண் கேட்டாள். அதுவரை அவள் அவரை எந்த முறை சொல்லியும் அழைக்காமலேயே சமாளித்துக்கொண்டிருந்தாள்.

கணக்கை முடித்தபோது ஆளுக்கு 341 டாலர் ஆகியிருந்தது, பூட்ஸ் நீங்கலாக. திரும்பும் வழியில் சாட்டனூகாவுக்குச் சற்று முன்பு கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போய்விடும் என்பதை நான் திட்டத்தில் எழுத மறந்திருந்தேன். அட்லாண்டா வந்து சேர்ந்தபோது எட்டு மணி என்று நினைத்தது ஒன்பதாக இருந்தது, சித்தி ஐந்து முறை அழைத்திருந்தார். திரும்ப அழைத்ததும் பயணம் எப்படி இருந்தது என்று அவர் கேட்கவில்லை. "சனிக்கிழமை என்ன சாப்பிட்டா?" என்று கேட்டார்.